சப்பிரகமுவைத் தோட்டங்களிற் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

தோட்டப் பாடசாலைகளைப் பற்றி எழுதப் புகுமுன் "துண்டு" என்னும் சீட்டை நினைவுகூரல் வேண்டும். முற்காலத்தில் ஒரு கங்காணியும் அவர்தம் ஆட்களும் வேறு தோட்டஞ் செல்ல விரும்பின், "இவர்கள் பட்ட கடன் இவ்வளவு, தீர்ப்பவரிடம் ஆட்களை விடுவோம்" என்று துரை எழுதிக் கொடுப்பார். புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடனோ மீண்டும் ஆட்களின் தலைமேல் ஏறும். தம் விலை எழுதிய தாளைத் தாமே வாசிக்க இயலாதிருந்த நம் பாட்டன்மாரின் நிலையை என்னென்பது! 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது.

எழுத்தறிவு புகட்டும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிற்று. 1854இல் துரைமார் சிலரின் ஆதரவுடன் எழுந்த தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களிற் பள்ளிகளை நடத்திற்று. அதன் நோக்கம் மதம் பரப்புதலே. ஆயினும், மிஷன் பள்ளியிற் பயின்ற நாம் அங்கு பெற்ற எழுத்தை மறுப்பது நன்றி மறத்தலாகும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கிற்று. பத்து வயது என்னும் எல்லையைக் கவனியுங்கள்! கொழுந்து கிள்ளக் கை பழகும் பருவமல்லவா அது? ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டங்களின் வழக்கமாயிற்று.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின் பயன் லயங்களை எட்டவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரஜாவுரிமை கோரியோர் பல்லாண்டு வதிவிடத்தைப் பத்திரங்களாற் காட்டவேண்டியிருந்தது. கைநாட்டு வைத்தோர் அப்பத்திரங்களுக்கு எங்கே போவர்? 1960, 61இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே நின்றன. 1977க்குப் பின்னரே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

நம் மாகாணத்திற்கு வேறோர் இடரும் உண்டு. நுவரெலியாவைப்போல் தோட்டங்கள் இங்கு அடுத்தடுத்து இல்லை. றப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு மேல் தமிழிற் படிக்க நெடுந்தூரஞ் செல்லவேண்டிய பிள்ளைகள் பலர். பால்வெட்டும் பெற்றோர் விடியுமுன் மலையேறிவிட, பிள்ளையைப் புறப்படுத்தி அனுப்ப வீட்டில் ஆளில்லை.

நாம் நடத்தும் மாலை வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு முடித்தும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் சிறுவர் வருகின்றனர். முதலில் தம் பெயரையும், பின் தாயின் பெயரையும் எழுதப் பழக்குகின்றோம். சில வீடுகளில், அந்தக் கொப்பியைப் பார்த்துத் தாய்மாரும் எழுதிப் பழகுகின்றனர்.