வெள்ளைப் புகைக் காலம்

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, தமது பிக்கப் வாகனம் காலை வேளைகளில் வெள்ளைப் புகை தள்ளுவதாகக் கவலைப்பட்டார். சற்று நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறதா என்று கேட்டேன். ஆம் என்றார். அப்படியானால் அது வெறும் நீராவி. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. குளிரில் அது குழாய் வாயில் வெண்மையாகத் தெரியும், அவ்வளவுதான். "நீ பேப்பர்க்காரன், உனக்கெப்படி உது தெரியும்?" என்று சிரித்தார். அவர் 1987 இலேயே புறப்பட்டுவிட்டவர். 1990 க்கும் 1995 க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, வாகன உதிரிப் பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் ஓரளவு வந்தது. அதை ஜாம் போத்தல் விளக்கில் துளித்துளியாக எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். அதே மண்ணெண்ணெயில்தான் வாகனங்களும் ஓடின.

இதை யாழ்ப்பாணத்து மூளையின் தனிக் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுவோர் உண்டு. முற்றிலும் அப்படியல்ல. இங்கிலாந்தில் 1949 இல் வெளிவந்த பெர்குசன் ரீ.ஈ.டி. 20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மற்றதற்கு மாற்றுவார்கள். நம்மவர்களின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருந்தது. அதற்கென்று செய்யப்படாத கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தொழிற்சாலையின் துணையின்றி, ஒழுங்கைக்குள் இருந்த பட்டறைகளிலேயே அவ்வாறு ஓட வைத்தார்கள்.

அதற்குக் கைகொடுத்தவை பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும். போருக்குப் பின் 1953 வரை பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோல் ஏறத்தாழ 70 ஒக்டேன் மட்டுமே கொண்ட தரக்குறைவான சரக்கு. அதற்கேற்ப ஏ-40 போன்ற கார்களின் அழுத்த விகிதம் 7 க்கு 1 என்ற அளவை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவை மண்ணெண்ணெயையும் ஒருவாறு சகித்துக்கொண்டன. புதிய ஜப்பானியக் கார்கள் தட்டுத்தட்டென்று முட்டி முனகின. கிழட்டு வண்டிகள் ராசாவாகின.

சிறு போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சிறிது ஊதி இயக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய். சூடு போதாதபோது மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது நுண்துளிகளாக, கண்ணைக் கரிக்கும் வெண்புகையாகப் பின்னால் போகும். அதில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் எண்ணெயின் மட்டம் குறையாமல் கூடினால் மகிழக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். மாற்ற எண்ணெய் ஏது?

நான் அப்போது வேலை செய்த பத்திரிகையிடம் ஒரு பழைய ஒஸ்ரின் அரைத்தொன் பிக்கப் இருந்தது. கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான நாட்கள். 1995 செப்ரெம்பரில் அது வழமையை விட அதிகமாக வெண்புகை தள்ளியது. ஊரே வெண்புகையில் ஓடும்போது யார் கவனிப்பார்? நாங்கள் மூன்று கிழமை அப்படியே ஓட்டினோம்.

கொக்குவிலில் ஒழுங்கை ஒன்றில் இருந்த மெக்கானிக் அண்ணைதான் பிடித்தார். முதலில் மணந்து பார்த்தார். பிறகு எங்கள் பத்திரிகைத் தாள் ஒன்றையே புகைக்குழாயில் பிடித்தார். மண்ணெண்ணெய் என்றால் எண்ணெய்க் கறை படிய வேண்டும், தாள் வெறுமனே நனைந்தது. றேடியேற்றர் மூடியைத் திறந்து இயக்கினார், தண்ணீர் குமிழியிட்டது. எண்ணெய்க் கம்பியை இழுத்தார், நுனியில் பால் தேநீர் நிறம்.

"தம்பி, உது மண்ணெண்ணெய்ப் புகை இல்லை. தண்ணி உள்ள போகுது. ஹெட் கெஸ்கற் போட்டுது."

புதிய கெஸ்கற் கொழும்பிலிருந்து வர வழியில்லை. தலையைக் கழற்றித் தடித்த கண்ணாடித் தகட்டில் எமறித் தாள் விரித்து, மேடு பள்ளம் போகும்வரை இரண்டு நாள் தேய்த்தார். வேறொரு உடைந்த வண்டியிலிருந்து எடுத்த செம்புக் கெஸ்கற்றைச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினார். இரும்பு அப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ மென்மையாகி மீண்டும் படியும். நடுவிலிருந்து வெளிப்புறமாக நட்டுகளைச் சிறிது சிறிதாக முறுக்கினார். ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினார். முறுக்கத்தை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. கைதான் அளவு.

ஒக்ரோபர் 17 இல் இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். ஐந்து இலட்சம் பேரளவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பிக்கப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பின்தட்டில் எங்கள் பழைய இதழ்களின் கட்டுகளை ஏற்றியிருந்தோம். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் முன்பே அரைவாசிக் கட்டுகளைத் தெருவோரத்து வீட்டு விறாந்தையில் இறக்கிவிட்டு, நடக்க முடியாத முதியவர்களை ஏற்றினோம். பிறகு மிகுதியையும் இறக்கினோம். அந்தக் கட்டுகளை நான் அதன் பின் காணவில்லை.

மழை தூறியது. வாகனம் நடப்பவர்களை விட மெதுவாக ஊர்ந்தது. காற்றுப் படாமல் எஞ்சின் கொதித்துவிடுமோ என்று சாரதிக்குப் பயம். பாலத்தில் நின்றபோது பின்னால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. மறுபடியும் கெஸ்கற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கிப் போய்க் குனிந்து மணந்து பார்த்தேன். கண் எரிந்தது. மண்ணெண்ணெய்தான். சாரதிக்குக் கையைக் காட்டினேன், அவர் மெல்ல எடுத்தார். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டது.