ஜிஎஸ்டி விவரம் மாநகராட்சிக்குப் போகுமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

"ஜிஎஸ்டி நம்பர் வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு மாநகராட்சியில தனியா லைசென்ஸ்?" புதுசா கடை போடுற பலரும் கேட்கும் முதல் கேள்வி இது. அடுத்த கேள்வி கொஞ்சம் தயக்கத்தோடு வரும். "அங்க காட்டுற கணக்கை இவங்களும் பார்ப்பாங்களா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஜிஎஸ்டி என்பது விற்பனை மீதான வரி. தொழில் உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்கிற அனுமதி. கழிவு எங்கே போகிறது, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியுமா என்பதெல்லாம் வரித் துறையின் வேலை இல்லை. அதை உள்ளாட்சிதான் பார்க்கணும். 2023 ஏப்ரல் 13 முதல் சென்னை உட்பட எல்லா நகரங்களுக்கும் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023-ம் ஆண்டு விதிகளும்தான் இதற்கு அடிப்படை. அதுவரை சென்னைக்கு இருந்த 1919-ம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் காலாவதியாகிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

அடுத்தடுத்த ஊர், வேற வேற ஆபீஸ்

அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து இப்போது 7-வது மண்டலம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. அம்பத்தூர்காரர் சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் வரி கட்டுகிறார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மற்ற நகரங்களுக்கான பொதுத் தளம். ஆனால் ஜிஎஸ்டி என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே தளம்தான்.

இந்த அலுவலகங்களுக்கு இடையே தகவல் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, கடைக்காரர் கையில் இருக்கும் ஃபைல் வழியாக! ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரிச் சான்று கேட்டால் சொத்து வரி ரசீதையோ கரண்ட் பில்லையோ கொடுக்கிறோம். வாடகைக் கடை என்றால் கூடவே வாடகை ஒப்பந்தம். அதாவது மாநகராட்சியின் காகிதம் வரித் துறைக்குப் போகிறது. உரிமம் எடுக்கப் போகும்போது வரித் துறையின் சான்றிதழை இங்கே நீட்டுகிறோம். ரெண்டு பக்கத்துக்கும் கூரியர் நாமதான்.

உள்ளாட்சிக்கு இதனால் என்ன நஷ்டம்?

உரிமக் கட்டணத்தை விடப் பெரிய விஷயம் தொழில் வரி. கர்நாடகா, மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் இதை மாநில அரசே வசூலிக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் வருமானம். அரசியலமைப்பின் 276-வது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. 1988-ல் போட்ட உச்சவரம்பு, இன்னும் மாறவில்லை.

சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய் கட்ட வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் 12,500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் எல்லோரும் இதில் வந்துவிடுவார்கள். ஊழியர்களின் பங்கைப் பிடித்துக் கட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்தச் சம்பளத்தில் 20 பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை மாநகராட்சியின் பட்டியலிலேயே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வராமல் போகிறது. அதே பட்டறை ஜிஎஸ்டி பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டியலை உள்ளாட்சிகள் எதிர்பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

உள்ளாட்சியிலிருந்து வரித் துறைக்குப் போகும் பாதை அகலமானது. ஜிஎஸ்டி சட்டத்தின் 150-வது பிரிவு, தகவல் அறிக்கை தர வேண்டியவர்கள் வரிசையில் உள்ளாட்சி அமைப்புகளையும் சேர்த்திருக்கிறது. வங்கிகளும் மின்வாரியமும் கூட அதே வரிசையில் உண்டு.

திரும்பி வரும் பாதை குறுகல். 158-வது பிரிவுப்படி கணக்குத் தாக்கலில் உள்ள விவரங்கள் ரகசியம். விதிவிலக்குகள் இருக்கின்றன. வேறொரு வரியை விதிக்கவோ வசூலிக்கவோ மத்திய, மாநில அரசு அதிகாரிகளுக்குத் தரலாம். பொது ஊழியரோ சட்டப்படி அமைந்த அமைப்போ வேறொரு சட்டத்தின்கீழ் தனக்குள்ள அதிகாரத்தை முறையாகப் பயன்படுத்திக் கேட்டாலும் தரலாம். மாநகராட்சி உள்ளே வருவதற்கான கதவு இந்த இரண்டாவது விதிவிலக்குதான். கடைக்காரரின் சம்மதத்தோடு விவரம் பகிர 2023-ல் 158ஏ என்று தனிப் பிரிவு வந்தது. ஆனால் அதில் முதலில் அறிவிக்கப்பட்டது கடன் தொடர்பான அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறை. உள்ளாட்சி உரிமம் இல்லை.

ரகசியம் என்பதை ரொம்ப இழுக்கவும் கூடாது. ஒரு ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் கடையின் பெயர், முகவரி, பதிவான தேதி, கணக்குத் தாக்கல் செய்தாரா இல்லையா என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எவ்வளவு வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதுதான் மூடியிருக்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இந்தக் கோட்டைச் சட்டமாகவே போட்டது. 2001-ல் வந்த ஏபி 63 என்ற சட்டத்தின்படி, மாநில வருமான வரி வாரியம் நகர நிர்வாகங்களுக்குத் தொழில் செய்பவரின் பெயர், முகவரி, வரி எண், தொழில் வகைக் குறியீடு ஆகியவற்றைத் தரும். சம்பாத்தியம் எவ்வளவு என்ற தொகை போகாது. நகரங்கள் தங்கள் உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பும். வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து கடிதம் போய், பலர் திகைத்ததும் நடந்தது.

ரெண்டு பட்டியலும் ஒண்ணு இல்ல

இங்கே அதைவிடக் குழப்பம் வரும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு. அதற்குக் கீழே இருக்கும் டீக்கடைக்கும் உரிமம் தேவை, ஆனால் அது ஜிஎஸ்டி பட்டியலில் தெரியாது. மயிலாப்பூரில் தலைமை அலுவலகம், அம்பத்தூரில் குடோன் என்றால் பதிவு ஒன்றுதான். குடோன் 'கூடுதல் தொழில் இடம்' என்று உள்ளே ஒளிந்திருக்கும்.

முகவரி இன்னொரு தலைவலி. 600056 என்ற பின்கோடில் பூந்தமல்லி நகராட்சியும் வரும், காட்டுப்பாக்கம், சென்னீர்குப்பம் ஊராட்சிகளும் வரும். பின்கோடை வைத்துப் பிரித்தால் ஊராட்சியில் இருக்கும் கடைக்கு நகராட்சி நோட்டீஸ் போகும். ஒருவர் பூந்தமல்லி என்று எழுதுவார், இன்னொருவர் பூவிருந்தவல்லி என்பார், ஆங்கில எழுத்தில் வேறு மாதிரி. பழைய கதவு எண், புதிய கதவு எண் கதையும் உண்டு. கம்ப்யூட்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு கடை.

பொருந்தாத பட்டியலை வைத்து அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் பெங்களூரு பார்த்தது. அது உள்ளாட்சி உரிம விவகாரம் இல்லை. யுபிஐ-யில் வந்த தொகையைக் கணக்கிட்டு கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு அனுப்பிய ஜிஎஸ்டி நோட்டீஸ். வரிவிலக்கு உள்ள காய்கறி, பால் விற்றவர்களுக்கும் அது போனது. பல கடைகளில் க்யூஆர் கோடு காணாமல் போய் 'கேஷ் மட்டும்' என்ற அட்டை தொங்கியது. பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கடைசியில் முதலமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளாட்சிகளும் ஒப்பிடத் தொடங்கினால், முதலில் போக வேண்டியது அபராத நோட்டீஸ் இல்லை, விசாரித்துக் கேட்கும் கடிதம்.

கடைக்காரர் இப்பவே என்ன செய்யலாம்?

சொத்து வரி ரசீது, கரண்ட் பில், ஜிஎஸ்டி சான்றிதழ், தொழில் உரிமம் நான்கையும் பக்கத்தில் வைத்து முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கடை இடம் மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கேட்க வேண்டும். மூடிவிட்டால் 30 நாளுக்குள் ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத கடைக்குத் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். உள்ளாட்சியிலும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகாது.

நோட்டீஸ் வந்தால் முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள். உங்கள் கடை அந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறதா என்பதை சொத்து வரி ரசீதே சொல்லிவிடும். வராவிட்டால் அந்த ரசீதின் நகலையும், இருக்கும் உரிமத்தின் நகலையும் இணைத்துப் பதில் எழுதுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீங்க.