பழசுக்குத்தான் விலை அதிகம்!

மணவாள நகரில் இருக்கும் என் நண்பர் சமீபத்தில் கார் வாங்கினார். வாங்குவதற்குள் மனுஷருக்கு மூச்சு வாங்கிவிட்டது. விளம்பரத்தில் ஒரு விலை, கொட்டேஷனில் ஒரு விலை, கையெழுத்துப் போடும்போது இன்னொரு விலை. நடுவில் ஹேண்ட்லிங் சார்ஜ், சீட் கவர், இன்ஷூரன்ஸ். ‘இன்ஷூரன்ஸை நான் வெளியில் எடுத்துக்கறேனே’ என்றாராம். சட்டப்படி அது அவர் உரிமை. ஆனால், ஷோரூம்காரர் ஏதோ சொத்தைக் கேட்டதுபோலப் பார்த்தாராம்.

‘இதுக்கே அலுத்துக்கிட்டா எப்படி சார்? உங்க அப்பா காலத்துல பொறந்திருக்கணும் நீங்க’ என்றேன்.

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றொரு பாடம் ஞாபகம் இருக்கும். கார் வாங்கினால் வருஷாவருஷம் அதன் மதிப்பில் இத்தனை சதவிகிதம் கழித்துக்கொண்டே வரவேண்டும். இந்தியாவில் பல வருஷங்கள் இந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை. புது ஃபியட்டைவிட ரெண்டு வருஷம் ஓடிய ஃபியட்டுக்கு விலை அதிகம்!

எப்படி? வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி, இங்கே வெறுமனே மாட்டி விற்கும் கம்பெனிகள் வேண்டாம் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சியவை உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், அப்புறம் நம்ம வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதை லைசென்ஸ் சொல்லும். பிற்பாடு விலையையும் அரசே சொன்னது. கார் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், விலையை ஏற்றவும் முடியாது. அப்புறம் என்ன? க்யூதான்.

அந்த க்யூவுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். 1959-ல் வந்த மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை. கார் வேண்டுமா? முதலில் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் டெபாசிட் கட்டி, அந்தக் கணக்கை டீலர் பெயருக்கு அடகு வைக்க வேண்டும். பிறகு பதிவு, வரிசை எண், வருஷக்கணக்கில் காத்திருப்பு. அரசாங்க ஒதுக்கீட்டுக்காரர்களுக்குத் தனி வரிசை. அது வேகமாக நகரும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவழியாகக் கார் கைக்கு வந்தாலும், ரெண்டு வருஷம் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது.

கள்ள மார்க்கெட்டை ஒழிக்கத்தான் இந்த ரெண்டு வருஷக் கெடு. நடந்ததோ வேறு. காத்திருக்கப் பொறுமை இல்லாத ஆசாமிகள், கெடு முடிந்த காரைக் கூடுதல் விலை கொடுத்துத் தூக்கிப் போனார்கள். காத்திருந்த வருஷங்களுக்கே ஒரு விலை கிடைத்தது. ஓட்டத் தெரியாதவர்கள்கூட புக் செய்து வைத்ததில் ஆச்சரியமில்லை.

1983-ல் மாருதி வந்தபோதும் நம் ஜனங்களுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. 10,000 ரூபாய் முன்பணம். கண்ணால் பார்க்காத ஒரு காருக்கு இரண்டே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் புக்கிங்! முதல் கார் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. டிசம்பர் 14-ம் தேதி, இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஹர்பால் சிங்கிடம் இந்திரா காந்தி சாவியைக் கொடுத்தார். காருக்குக் குலுக்கலில் விழ வேண்டியிருந்ததை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை, பொறாமைப்பட்டார்கள்.

அம்பாசடருக்காக ஜனங்களைக் காக்கவைத்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் திருவள்ளூர் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குள் ஹூண்டாய், ஃபோர்டு எல்லாம் சென்னையைச் சுற்றி வந்து இறங்கிவிட்டன. இப்போது காத்திருந்தது கம்பெனி, வாடிக்கையாளருக்காக! 2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றது. திருவள்ளூரில் பிரெஞ்சுக்காரர்கள் கால் வைத்தார்கள். 2021-ல் அங்கே தயாரான சிட்ரோன் சி5 ஏர்கிராஸை, ஷோரூம் இல்லாத ஊர்க்காரர்களும் இணையத்தில் நேரடியாக ஆர்டர் செய்யலாம், வண்டி தொழிற்சாலையிலிருந்தே வீட்டுக்கு வரும் என்று அறிவித்தார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது எழுந்து உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு பழைய தபால் ஆபீஸ் பாஸ்புக்கை எடுத்துவந்து காட்டினார். அவர் அப்பா ஃபியட்டுக்காகக் கட்டிய பணம். ‘கார் ரெடி’ என்று கடிதம் வந்தபோது அப்பா ரிட்டயர் ஆகி ரெண்டு மாசமாம். காரை எடுக்கவே இல்லை.

‘அவரு கடைசி வரைக்கும் டிரைவிங் லைசென்ஸை மட்டும் தவறாம புதுப்பிச்சுட்டே இருந்தாரு’ என்றார்.