பூசணிக்காயில் பழகிய கை

நம்ம வடமதுரை சுத்துப்பட்டு மில்லுல புதுசா சேர்றவங்களை எடுத்த எடுப்புல தனியா மெஷின்ல விட மாட்டாங்க. அறுந்த இழையைச் சேர்க்கப் பழக்கிட்டுத்தான் விடுவாங்க. சரி, வயித்துக்குள்ள கருவியை விடுற டாக்டர் எங்கே பழகுறார்? உடல் எடை குறைக்கிற லேப்ராஸ்கோபி ஆபரேஷனைப் பத்திப் படிக்கப் போய் இந்தக் கேள்வியில மாட்டிக்கிட்டேன்.

சுஸ்ருத சம்ஹிதையில இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரி. கீறிப் பழக தண்ணியோ சேறோ நிரப்பின தோல்பை. ரத்தக்குழாயில குத்திப் பழக தாமரைத்தண்டு. தைக்க கெட்டித்துணி, கட்டுப்போட துணிபொம்மை! எவ்வளவு படிச்சிருந்தாலும் இப்படிக் கைப்பழக்கம் இல்லாதவன் லாயக்கில்லைன்னு கறாரா சொல்லுது.

அப்புறம் வந்த காலத்துல 'பக்கத்துல நின்னு பாரு, பிறகு செய்' என்பதே பாடம் ஆச்சு. வயித்தைத் திறந்து செய்யும்வரை அது ஓடுச்சு. தப்பு நடந்தா பெரியவர் கை பக்கத்துலயே இருக்குமே. 1985ல ஜெர்மனியில எரிக் மூஹே சின்னத் துளைகள் வழியா பித்தப்பையை எடுத்தார். அதோட கதை மாறிடுச்சு. நீளக் குச்சி மாதிரி கருவி. கை வலப்பக்கம் போனா உள்ளே முனை இடப்பக்கம் போகும். திரையில ஆழம் தெரியாது. இருபது வருஷ அனுபவஸ்தரும் அரிச்சுவடியில இருந்து ஆரம்பிக்கணும். ஆனா ஒண்ணு ரெண்டு நாள் வகுப்பு முடிச்சுட்டு நேரா தியேட்டருக்குப் போனவங்க உண்டு. விளைவு? நியூயார்க் மாநிலத்துல 1990 ஆகஸ்டுக்குப் பிறகு 7 சாவு, 185 மோசமான பாதிப்பு. 1992ல, மேற்பார்வையில 15 ஆபரேஷனாவது செய்யாம தனியா செய்யக்கூடாதுன்னு மாநில அரசு சொல்லுச்சு. அந்த 15 பேரும் மனுஷங்கதானே?

இத்தனைக்கும் ஜெர்மனியிலேயே குர்ட் செம் என்கிற மகப்பேறு டாக்டர் துளை போட்ட ஒரு பயிற்சிப் பெட்டியை ('பெல்வி-டிரெய்னர்') அப்பவே செஞ்சு வச்சிருந்தார். மதிச்சவங்க கம்மி.

நம்ம நாட்டுல மும்பை டாக்டர் டெஹம்டன் உத்வாடியா 1972லயே லேப்ராஸ்கோப்பைக் கையில எடுத்தவர். 1990ல பித்தப்பை ஆபரேஷன் செஞ்சார். தெற்கே கோவையில டாக்டர் சி. பழனிவேலு. அவரோட ஜெம் ஆஸ்பத்திரிக்கு வெளியூர் டாக்டர்களும் கத்துக்க வர்றாங்க.

எடைக்குறைப்பு ஆபரேஷன் இதுல ரொம்பக் கஷ்டமான ரகம். லேப்ராஸ்கோபி பைபாஸ் 1993ல சான் டியாகோவில தொடங்குச்சு. வயித்துச் சுவரே கனமா இருக்கும், கொழுப்பேறின ஈரல் வழியை மறைக்கும். அதுக்கு நடுவுல இரைப்பையைச் சின்னதா பிரிச்சு, குடலோட தைக்கணும். தையல் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து.

பெட்டியில பழகினா உண்மையிலயே பலன் உண்டான்னு எனக்கும் சந்தேகம்தான். 2002ல யேல் பல்கலைக்கழகத்துல 16 பயிற்சி டாக்டர்களை வச்சுப் பார்த்தாங்க. கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல பழகினவங்க பித்தப்பையை 29% வேகமா பிரிச்சாங்க, தப்பும் கம்மி. 2013ல மிச்சிகன் ஆய்வு இன்னும் பயமுறுத்துது. 20 எடைக்குறைப்பு சர்ஜன்களோட வீடியோவுக்கு, பேர் தெரியாம சக டாக்டர்களே மார்க் போட்டாங்க. கைத்திறன்ல கீழ்க் கால்பகுதியில இருந்தவங்ககிட்ட சிக்கல் 14.5%, மேல்பகுதியில 5.2%.

திண்டுக்கல் அரசு மருத்துவக்கல்லூரி 2022ல திறந்தாச்சு. 2019ல வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டப்படி ஒவ்வொரு காலேஜிலும் ஸ்கில் லேப் கட்டாயம். ஊசி, தையல் எல்லாம் பொம்மையில பழகலாம். சுரைக்காய் வேணும்னாலும் ஒட்டன்சத்திரம் சந்தை நம்ம மாவட்டத்துலதான் இருக்கு :)