தோள் பின்புற இறுக்கம்

தோள் பின்புற இறுக்கம் என்பது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி எறியும் அல்லது அடிக்கும் விளையாட்டு வீரர்களின் தோள் மூட்டில் ஏற்படும் விறைப்பு ஆகும். பேஸ்பால், டென்னிசு, கைப்பந்து வீரர்களிடம் இது காணப்படுகிறது. பந்தை எறிந்தபின் விரையும் கையை நிறுத்துவதில் மூட்டின் பின்புறத் தசைகளும் மூட்டுறையும் பெரும்பங்கு வகிக்கின்றன. இச்சுமை மீண்டும் மீண்டும் விழுவதால் அவை இறுகி, மேற்கையின் உட்சுழற்சி குறைகிறது.

அளத்தல்

எறியும் கையில் உட்சுழற்சி குறைந்தும் வெளிச்சுழற்சி கூடியும் இருப்பது இயல்பே. சிறு வயது முதல் எறிபவர்களின் மேற்கை எலும்பு பின்னோக்கித் திரும்பிய நிலையில் வளர்வது இதற்கு ஒரு காரணம். நீட்டல் பயிற்சி எலும்பை மாற்றாது. எனவே இரு சுழற்சிகளின் கூட்டுத்தொகையும் மறு கையைவிடக் குறைந்துள்ளதா எனப் பார்க்கப்படுகிறது.

நீட்டல் பயிற்சிகள்

* குறுக்குக்கை நீட்டல்: கையைத் தோள் உயரத்தில் மார்புக்குக் குறுக்கே கொணர்ந்து, மறு கையால் முழங்கையை இழுத்தல்.
* ஒருக்களித்த நீட்டல்: இறுகிய தோள் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்து, அக்கையை முன்னே நீட்டி, முழங்கையை 90 பாகை மடக்கி, மறு கையால் முன்கையைத் தரையை நோக்கி மெல்ல அழுத்துதல்.

தோள் வலி இல்லாதவர்களிடம் நடத்தப்பெற்று 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இவை 30 நொடி வீதம் நாளொன்றுக்கு 5 முறை, 4 வாரங்கள் செய்யப்பட்டன. பயிற்சி செய்யாத குழுவைவிட, குறுக்குக்கை நீட்டல் செய்தோரின் உட்சுழற்சி குறிப்பிடத்தக்க அளவு கூடியது. தோளின் முன்புறம் வலித்தால் பயிற்சியை நிறுத்துதல் வேண்டும்.