சங்கிலி அளந்த வயல், கேமரா அளந்த வாய்க்கால்

குறுவை அறுப்பு முடிஞ்சு வயல் கொஞ்சம் காஞ்சு கிடக்கு. எழுத நேரம் கிடைச்சிருக்கு. போன மாசம் எங்க ஊர் வாய்க்காலை அளக்க ரெண்டு பையன்கள் ட்ரோன் எடுத்துட்டு வந்தாங்க. தூர் வாருற வேலைக்கு எவ்வளவு மண் எடுக்கணும்னு கணக்குப் போடணுமாம். முதல்ல வரப்பு ஓரமா அங்கங்க சுண்ணாம்பால பெருக்கல் குறி போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு கருவியை நிறுத்தி இடத்தைக் குறிச்சாங்க. அப்புறம் ட்ரோன் ஏறுச்சு. இருபது நிமிஷம் நெசவுத் தறியில நாடா போற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்து இறங்கிடுச்சு. அவ்வளவுதான், அளந்தாச்சுன்னாங்க.

பக்கத்து வயல் மாமாவுக்கு எண்பது வயசு. லேப்டாப்பை எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இதுல என் எல்லைக் கல் எங்க இருக்கு?"ன்னு கேட்டார். அந்தப் பையன் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தான். வரப்பு தெரிஞ்சுது, நண்டு வளை கூட தெரிஞ்சுது. கல் தெரியலை. அந்தக் கேள்வி என் மனசுல ஏதேதோ கிளப்பி விட்டுடுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

நிலத்தை அளக்குறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. ராஜராஜ சோழன் காலத்துல, கி.பி. 1001 வாக்கில், நாடு முழுக்க அளந்தாங்க. அப்போ கருவி ஒரு கோல்தான். பதினாறு சாண் கோல் மாதிரி பல கோல்கள் இருந்திருக்கு. எந்தக் கோலால அளந்தோம்னு பின்னாடி சண்டை வரக் கூடாதுன்னு அதோட நீளத்தைக் கோயில் சுவத்துலயே வெட்டி வச்ச ஊர்களும் உண்டு. ஊருக்கே பொதுவான அளவு, யாரும் அறுத்துக் குறைக்க முடியாது. வேலி, மா, காணி, முந்திரின்னு பிரிச்சு, முந்திரியே முந்நூத்து இருபதுல ஒரு பங்குன்னா, அதுக்குக் கீழயும் கணக்கு எழுதியிருக்காங்க. இன்னைக்கும் எங்க பக்கம் "மூணு மா நிலம்"னு சொன்னா ஏறக்குறைய ஒரு ஏக்கர்னு எல்லாருக்கும் புரியும்.

கோலுக்கு அப்புறம் வந்தது சங்கிலி. 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர்ங்கிற இங்கிலாந்துக் கணக்கு அறிஞர் உருவாக்கினது. 66 அடி நீளம், 100 கண்ணி. நம்ம ஆளுங்க கண்ணியை "லிங்க்ஸ்"னே சொல்லுவாங்க. ஏன் 66 அடின்னு சின்ன வயசுல எனக்குப் புரியவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தா அழகா இருக்கு. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தா ஒரு ஏக்கர். ஒரு ஏக்கருக்கு லட்சம் சதுர லிங்க்ஸ். அதுல நூத்துல ஒரு பங்கு, அதாவது ஆயிரம் சதுர லிங்க்ஸ், ஒரு சென்ட். நாம தினமும் பேசுற சென்ட் இந்தச் சங்கிலிக் கணக்கோட ஒட்டிக்கிட்டது. சங்கிலி போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, சென்ட் போகலை.

சங்கிலி பிடிச்சு அளக்க ஆள் வேணுமில்லையா? அதுக்குத்தான் 1794ல் மெட்ராஸ்ல சர்வே பள்ளி ஆரம்பிச்சாங்க. இன்னைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியா நிக்கிறது அதுதான். எட்டு வருஷம் கழிச்சு, 1802 ஏப்ரல்ல, வில்லியம் லாம்டன்ங்கிற ராணுவ அதிகாரி பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் பக்கம் ஒரு நேர்கோடு அளக்க ஆரம்பிச்சார். நீளம் ஏழரை மைல். அதை அளக்க 57 நாள் ஆச்சு. இவர் வச்சிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில்ல எஃகு நீளும்னு அதுக்கு நிழல் கட்டி, வெப்பமானி வச்சுப் பார்த்து அளந்தார். நம்ம வெயில்ல இருபது டிகிரி ஏறுனா 66 அடி இரும்புச் சங்கிலி அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். ஒரு தடவைக்கு அது ஒண்ணுமில்லை. அந்தக் கோட்டை அடிப்படையா வச்சு நாடு முழுக்க முக்கோணம் முக்கோணமா கட்டப் போறப்போ அது பெரிய விஷயம்.

எங்க தஞ்சாவூருக்கும் லாம்டன் வந்தார். சம வெளியில பார்வைக்கு மலை ஏது? 1808ல் அரை டன் எடை இருந்த தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்து மேல ஏத்தினாங்க. கயிறு அறுந்து கருவி சுவத்துல மோதி நசுங்கிப் போச்சு. மனுஷன் கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து ஆறு வாரமா ஒக்கிட்டு அதைச் சரி பண்ணிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முன்ன நாட்டை அளந்த ராஜா கட்டின கோயில் மேலயே அடுத்த அளவைக் கருவி ஏறுச்சுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஆனா எங்க வயலுக்கு வந்தது தியோடலைட் இல்லை, சங்கிலிதான். வயலுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு பிடிச்சு அளப்பாங்க. எல்லை எங்கெல்லாம் வளையுதோ, அங்கெல்லாம் அந்தக் கோட்டுல இருந்து செங்குத்தா எத்தனை லிங்க்ஸ்னு குறிப்பாங்க. அந்தக் குறிப்பெல்லாம் சேர்ந்ததுதான் புலப்படம், நாம எஃப்.எம்.பி.ன்னு சொல்றது. மூலைக்கு மூலை கல் நட்டாங்க. 1923ல் வந்த சர்வே எல்லைச் சட்டம் அந்தக் கல்லைக் காப்பாத்துற பொறுப்பை நில உடைமைக்காரன் தலையிலயும் வச்சுது. 1979ல் இருந்து 1987 வரைக்கும் நடந்த யு.டி.ஆர். பதிவு மாத்தத்துல ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேர், ஏர்னு மாறுச்சு. அதுக்கு நடுவுல, 1980ல், பரம்பரைக் கர்ணம் பதவியும் போச்சு. எந்தக் கல் எந்தப் புதர்ல இருக்குன்னு மனப்பாடமா சொன்ன ஆள் போனது அப்போதான்.

இங்க எங்க வீட்டுக் கதை வருது. அப்பாவும் பெரியப்பாவும் ரெண்டு ஏக்கரை ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு அப்பா டேப் வச்சு அளந்து பார்த்தார். தொண்ணூத்தெட்டு சென்ட்தான் வந்துது. ரெண்டு சென்ட்டை அண்ணன் வரப்பு வெட்டி எடுத்துட்டார்னு முடிவு பண்ணிட்டார். ஊர்ல ஒருத்தர், பழைய சங்கிலி தேய்ஞ்சு ஒரு லிங்க் நீண்டிருந்தா ஏக்கருக்கு ரெண்டு சென்ட் வித்தியாசம் வரும்யான்னு சமாதானம் சொன்னார். கணக்கு சரிதான், ஆனா அப்படி நீண்டிருந்தா நிலம் கூடத்தான் இருக்கும், குறையாது. அப்பா அதைச் சரியா பிடிச்சுக்கிட்டார். பன்னெண்டு வருஷம் ரெண்டு பேரும் பேசலை. அப்பா காலமான அன்னைக்குப் பெரியப்பா வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் பெரியப்பா மகன் அண்ணனும் நானும் சேர்ந்து பணம் கட்டி மறு அளவைக்கு எழுதிக் கொடுத்தோம். வந்த சர்வேயர் வயல்ல இறங்கவே இல்லை. நேரா மூணு ஊர் எல்லை சேர்ற கல்லுக்குப் போய் அங்கிருந்து அளந்துக்கிட்டு வந்தார். வாய்க்கால் ஓரம் கருவைப் புதர்கிட்ட நின்னு, "இதுக்குள்ள இருக்கணுமே"ன்னார். அண்ணனும் நானும் அரிவாள் எடுத்து வெட்டினோம். கல் சாஞ்சு கிடந்துது. அப்பா அளந்தது கன்னுக்குட்டி கட்டுறதுக்கு யாரோ நட்ட வேற கல்லுல இருந்து. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சேகால் அடிதான், எட்டு லிங்க்ஸ். எங்க வயல் ஐநூறு லிங்க்ஸ் நீளம். ஒரு முனையில எட்டு, மறு முனையில சுழியம். முக்கோணத்தைக் கணக்குப் பண்ணினா ரெண்டாயிரம் சதுர லிங்க்ஸ். சரியா ரெண்டு சென்ட். பெரியப்பா எடுக்கலை, எங்க நிலம் புதருக்குள்ள எங்ககிட்டயேதான் இருந்துது. அண்ணன் ஒண்ணும் பேசலை. அரிவாளைக் கீழ போட்டுட்டு வரப்புல உட்கார்ந்துட்டார்.

இப்போ படம் பிடிச்சு அளக்குற கதைக்கு வருவோம். இதுவும் பழசுதான். பிரான்ஸ் ராணுவத்துல இருந்த லோசெடா 1850 வாக்கிலேயே படத்துல இருந்து வரைபடம் போட ஆரம்பிச்சார். 1867ல் ஜெர்மனியில மைடன்பவர் இந்த வித்தைக்கு போட்டோகிராமெட்ரின்னு பேரு வச்சார். சூட்சுமம் நம்ம கண்ணுலயே இருக்கு. கட்டை விரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடிப் பாருங்க. விரல் நகரும். கிட்ட இருக்கிறது நிறைய நகரும், தூரத்துல இருக்கிறது கொஞ்சமா நகரும். ரெண்டு இடத்துல இருந்து எடுத்த ரெண்டு படத்துல ஒரு புள்ளி எவ்வளவு நகருதுன்னு பார்த்தா அதோட தூரமும் உயரமும் தெரியும். ஒரு ஆள் ரெண்டு கண்ணாடி வழியா ரெண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்து, கையால சக்கரம் சுத்திக் கோடு வரைவார். பெரிய இரும்பு இயந்திரம் அது. 1957ல் பின்லாந்துக்காரர் ஹெலாவா அந்த இயந்திரத்தோட கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாத்தலாம்னு வழி சொன்னார். அப்புறம் படமே டிஜிட்டல் ஆச்சு. ஒரே புள்ளியை நூறு படத்துல கண்டுபிடிக்கிற வேலையை மென்பொருளே செய்யுது. சங்கிலி, கண்ணாடி, சக்கரம் எல்லாம் ஒரு லேப்டாப்புக்குள்ள போயிடுச்சு. 2020 ஏப்ரல்ல மத்திய அரசு ஆரம்பிச்ச ஸ்வாமித்வா திட்டத்துல கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் வச்சே அளக்குறாங்க.

அந்தப் பையன்கிட்ட, "ஏம்ப்பா, ஒரு படத்தோட பாதிய அடுத்த படத்துலயும் எடுக்குறீங்களே, வீணில்லையா?"ன்னேன். "பாதிக்கு மேலயே சார், முக்கால்வாசி. இல்லைன்னா மென்பொருளுக்குப் புள்ளி ஒத்துப் போகாது"ன்னான். சுண்ணாம்புக் குறி எதுக்குன்னு கேட்டேன். அது இல்லாட்டி படம் அழகா இருக்கும், அளவு நம்ப முடியாதுன்னான். லாம்டன் 57 நாள் அளந்த கோடும், கோயில் சுவத்துல வெட்டின கோலும் செஞ்ச வேலைதான் அது.

நான் லேப்டாப்புல எங்க வயல் மூலையைக் காட்டச் சொன்னேன். கருவை வெட்டினாலும் சும்மா இருக்குமா? மறுபடி தழைச்சுடுச்சு. படத்துல அதோட பச்சைத் தலைதான் தெரிஞ்சுது. "செடிக்கு அடியில இருக்கிறது கேமராவுக்குத் தெரியாது சார்"ன்னு உண்மையைச் சொன்னான் பையன். அந்தப் படத்தை மட்டும் வச்சு யாராவது கோடு போட்டா எங்க ரெண்டு சென்ட் மறுபடியும் போயிடும். ஒரு விரக்கடை வித்தியாசத்துக்குள்ள அளக்குற கருவிதான். கண்ணுக்குத் தெரியுறதைத்தானே அளக்கும்? எது யாருதுன்னு சொல்றது கல்லும் புலப்படமும்தான்.

ட்ரோன் வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த வாய்க்காலை டேப் பிடிச்சு அளந்திருந்தா ஒரு வாரம் ஆகியிருக்கும், மண் கணக்கும் குத்துமதிப்பாத்தான் வந்திருக்கும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்து உங்க ஊருக்கு அளக்க ஆள் வர்றதுக்குள்ள ஒரு நாள் ஒதுக்கி, பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டுக்கிட்டுப் போய் உங்க கல்லைத் தேடிக் கண்டுபிடிங்க. புதரை வெட்டுங்க, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிங்க. மேல இருந்து பார்க்கிறவனுக்கும் தெரியட்டும்.

நானும் அண்ணனும் வர்ற ஞாயித்துக்கிழமை கருவை வெட்டப் போறோம். மாமாவோட கல்லையும் தேடணும்.