பதின்மூன்று வயதுப் பையனும் காயல் முத்தும்

மார்க்கோ போலோ என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு முத்துதான் நினைவுக்கு வரும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இந்தப் பக்கம் வந்தவர். ஏப்ரல் தொடங்கி மே பாதி வரை முத்துக்குளிப்பு நடக்கும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றெல்லாம் எழுதி வைத்தார். மந்திரம் போடுகிறவரைக் ‘கடல் கட்டி’ என்பார்கள். அந்த வேலை இங்கே வெள்ளைக்காரன் காலம் வரைக்கும் இருந்தது.

அவர் எழுதியதில் இன்னொரு செய்தி உண்டு. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த நாட்டில் பையனுக்குப் பதின்மூன்று வயது ஆனதும் கையில் இருபது இருபத்து நாலு காசு கொடுத்து, ‘போய்ப் பிழைத்துக்கொள்’ என்று வீட்டிலிருந்து அனுப்பிவிடுவார்களாம். பையன்கள் நாள் முழுக்க அலைந்து, ஒன்றை வாங்கி இன்னொருவரிடம் விற்பார்கள். முத்துக்குளிப்பு நடக்கும் நாட்களில் கடற்கரைக்கு ஓடி, கையிலிருக்கும் காசுக்கு ஐந்தோ ஆறோ முத்து வாங்குவார்கள். வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளிடம் கொண்டுபோய், ‘எனக்கு விழுந்த விலை இது, பார்த்துக் கொடுங்கள்’ என்பார்கள். கிடைத்த லாபத்தில் அரிசி, காய் வாங்கி அம்மாவிடம் கொடுத்தால் அவள் சமைத்துப் போடுவாள். அப்பன் காசில் சாப்பாடு கிடையாது.

இதை எனக்கு வாசித்துக் காட்டியது என் மகள். அவள் வாசித்ததற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லித் தருகிறாள். பேரனுக்கு இப்போது பதின்மூன்று, பேத்திக்குப் பத்து. எனக்கும் அவளுக்கும் இதில் பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லாமல் இருந்தது. போன மே மாதம் வந்தவள், தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை கடற்கரை ஊர்களைப் பார்த்துக்கொண்டே நடந்து போகப்போவதாகச் சொன்னாள். ஆளுக்கொரு முதுகுப்பை. அக்கினி நட்சத்திரத்தில்! நானும் வருகிறேன் என்றேன். எழுபத்து மூன்று வயதில் என்னத்துக்கு என்று வீட்டில் சத்தம் போட்டார்கள்.

காலை நாலு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் நிறுத்திவிட வேண்டும், மீதி சாயந்திரம். இதுதான் ஏற்பாடு. முள்ளக்காடு உப்பளங்களைத் தாண்டிப் பழையகாயல் வரை நான் நடந்தேன். அதன் பிறகு பஸ்ஸில் முன்னால் போய் அடுத்த ஊரில் காத்திருந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, “திருச்செந்தூருக்கா?” முதுகில் பையோடு நம் ரோட்டில் நடப்பவன் பாதயாத்திரைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் மோர் கொடுத்தார்கள். நாங்கள் யாத்திரைக்காரர்கள் இல்லை என்று பேரன் சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழையகாயலில் இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. மார்க்கோ போலோவின் காயல் இதுதான் என்று அடையாளம் சொன்னவர் இடையன்குடி கால்டுவெல். இங்கே மண்ணைக் கிளறிச் சீனப் பாண்டத் துண்டுகளையும் அரபுப் பாண்டத் துண்டுகளையும் பார்த்துத்தான் சொன்னார். அவரும் நடந்து வந்தவர்தான். 1841-ல் சென்னையிலிருந்து தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி இடையன்குடி வரை கால்நடையாகவே வந்தார். ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள அதுவே வழி என்று நினைத்தார். பதினைந்து வருடம் கழித்து ஒப்பிலக்கணம் எழுதினார். பேத்தி அரை மணி நேரம் தேடி ஒரு ஓட்டுத் துண்டு எடுத்து வந்தாள். சீனாவா என்று கேட்டாள். நம்ம ஊர்ப் பானை ஓடுதான்.

புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் சவேரியார் கதை சொல்லாமல் இருக்க முடியாது. நான் சொன்னது கோயில் கதை இல்லை, பள்ளிக்கூடக் கதை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பிள்ளைகள் படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. 1544 ஜனவரியில் அவரே எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அப்பா அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என் மகள் வீட்டில். இங்கே நானூற்று எண்பது வருடத்துக்கு முன்னால் அது தலைகீழாக நடந்தது.

ஊர் ஊராக அவர் வைத்துவிட்டுப் போன வாத்தியார்களுக்கு அப்போது பெயர் கணக்கப்பிள்ளை. (நானும் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் கணக்குப் பிள்ளைதான்.) அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இந்தக் கரையின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போர்ச்சுகல் ராணி கத்தரீனின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. சவேரியார் அதைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பினார். கடலடியில் மூச்சைப் பிடித்துச் சம்பாதித்தவன் காசு, ராணி செருப்புக்குப் போகாமல் அவன் பிள்ளைக்கே வந்தது. நம் ஊரில் பிள்ளைகள் படிப்புக்கென்று பொதுப்பணம் ஒதுக்கியதில் எனக்குத் தெரிந்து பழைய கணக்கு இதுதான்.

மகள் பையில் கொண்டுவந்திருந்த புத்தகங்களில் ஒன்று தரம்பால் 1983-ல் வெளியிட்டது. சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களையும் கேட்டு வாங்கிய கணக்கு அதில் இருக்கிறது. மொத்தம் 12,498 பள்ளிக்கூடங்கள், பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். சென்னைப் பட்டணத்தில் மட்டும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் சுமார் 26,900 பேர் என்று வந்தது. பள்ளிக்கூடம் போனவர்களைப் போல ஐந்து மடங்கு. மன்றோவே நம்பவில்லை, ஏதோ தவறு இருக்கும் என்று எழுதினார். “பார்த்தீங்களாப்பா, வீட்டுப் படிப்பு நம்ம ஊருக்குப் புதுசு இல்ல” என்றாள் மகள். புதிதில்லைதான். யார் வீட்டில் என்பதுதான் என் கேள்வி. வாத்தியாரை வீட்டுக்கு வரவழைக்க முடிந்தவன் வீட்டுப் படிப்பு வேறு, அப்பனோடு தோணியில் போனவன் படிப்பு வேறு.

அந்தத் தோணிப் படிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பா அதில் படித்தவர். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றைப் பிரிக்கவும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காலை நீரில் விட்டே சொல்லவும் பத்து வயதில் தெரியும். கடலுக்கடியில் எங்கே மணல், எங்கே பார் என்பதைக் கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் வைத்துக் கண்டுபிடிப்பார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் பை. கல்லின் பாரத்தில் அடிக்குப் போய், மூச்சு இருக்கும்வரை பொறுக்கிப் பையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுப்பான். கயிறு பிடிப்பவன் கவனம் தப்பினால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் கயிற்றைப் பெரும்பாலும் சொந்தக்காரன் கையில்தான் கொடுப்பார்கள். சலாபம் என்றால் குளியாள், சம்மாட்டி, வியாபாரி, சிப்பியை அழுகவிட்டுக் கழுவுகிற கூலிக்காரன் என்று கடற்கரையில் ஓலைக் கொட்டகையிலேயே ஒரு தற்காலிக ஊர் எழும்பும். இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் சலாபம் என்றால் நம்மவர்கள் தோணி தோணியாக அங்கே போவார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான லெனார்ட் வுல்ஃப் 1906-ல் அங்கே சிப்பி எண்ணும் கொட்டில் மேற்பார்வை பார்த்தவர். அந்த நாற்றத்தை அவர் மறக்கவே இல்லை.

ஆனால் முத்து வருடா வருடம் வருகிற வேளாண்மை இல்லை. தூத்துக்குடியில் 1928-ல் நடந்தது, அப்புறம் இருபத்தேழு வருடம் ஒன்றும் இல்லை. 1955-ல்தான் மறுபடி வந்தது. அப்பா முதல் முத்துச் சலாபத்தைப் பார்த்தபோது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. நடுவில் சோறு போட்டது சங்கு. சர்க்கார் வாங்கி வங்காளத்துக்கு வளையல் அறுக்க அனுப்பிய சங்கு. குளிக்கிற வித்தை மறக்காமல் இருந்ததும் சங்கால்தான்.

இந்த இடத்தில் 1953-ஐச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் விழுந்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடம் அவர் பதவி விலக, காமராஜர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். 1956-ல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அந்த வருடம்தான் நான் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் பானை காய்ந்திருந்த நாட்களிலும் பள்ளிக்கூடத்தில் சோறு உண்டு என்று ஆனபின் அப்பா என்னைத் தோணியில் ஏற்றவில்லை. அவருக்கு ஒரு காது அப்போதே கேட்காது. “கல்லைக் கட்டிட்டு எறங்குற வேலை என்னோட போட்டும்” என்பார்.

1961 சலாபத்தோடு முத்துக்குளிப்பு நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. அதற்கப்புறம் பார்களில் சலாபம் வைக்கிற அளவு சிப்பி விளையவே இல்லை. 1973-ல் வேப்பலோடைக் கரையில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள், இந்தியாவில் முதல் தடவை. அதைச் செய்தவர்கள் காலேஜில் விலங்கியல் படித்தவர்கள். குலக்கல்வித் திட்டம் நிலைத்து, கடற்கரைப் பையன் ஒருவன் அரை நாள் முத்துக்குளிப்பையே படித்திருந்தால், மீசை முளைக்கும் முன்பே அவன் படித்த தொழில் கடலில் இல்லை.

இதை ஆலந்தலையில் ஒரு வேப்பமர நிழலில் மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “தாத்தா கடல்ல படிச்சது படிப்பு இல்லையாப்பா?” என்றாள்.

“படிப்புதாம்மா. அவருக்கு வேற கதவு இல்ல. ஒம் பிள்ளைக்கு நீயா கதவைச் சாத்திராத.”

“நான் சாத்தலப்பா, வெளியே கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றாள். பேரன் அப்போது ரோட்டோரம் ஒருவரிடம் நுங்கு பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஐந்து நாள் செலவுக் கணக்கும் அவன் கையில்தான். மார்க்கோ போலோவைக் கேட்ட பிறகு நான் தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தேன், வாங்கி விற்றுக் காட்டு என்று.

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் வரும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு காலத்தில் உப்புக்குப் பேர்போன ஊர். பிள்ளைகளுக்கு மணப்பாட்டுக் குன்றும் குகையும் அதைவிடப் பிடித்தது. பேத்தியின் செருப்பு அறுந்து கடைசி ஏழு கிலோமீட்டர் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் பஸ்ஸில் வந்தவன்தானே.

ஐந்நூறு ரூபாய்க்குப் பேரன் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினான். கோயம்புத்தூரில் அவர்கள் அடுக்குமாடியில் விற்று நூற்று நாற்பது ரூபாய் லாபம் என்று போனில் சொன்னான். சுமை கூலி சேர்த்தாயா என்று கேட்டேன். நான்தானே சுமந்தேன் தாத்தா என்றான். அதையும் கணக்கில் எழுதச் சொன்னேன்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினாலு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதியலாம். வரும் வருடம் பதிந்துவிடுவதாக மகள் சொல்லியிருக்கிறாள். ஐந்து பாடம் எடுக்க வேண்டும். அதில் ஒன்று தமிழாக இருக்கட்டும் என்றேன், சரி என்றாள். இன்னொன்று கணக்கியலாம். அது பேரனே கேட்டது.